கெடிலக்கரைத் தொழில்கள் – 9: கண்ணாடி ஊதுகிறவர்

போன வாரம் முதுநகரில் படகு கட்டுகிறவர்களோடு இருந்தோம். இந்த வாரம் செம்மண்டலம். தொழிற்பேட்டைப் பக்கம் தினமும் போய்வருகிறவர்களுக்கே தெரியாத ஒரு பட்டறை அங்கே இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டர் போட்ட ஒற்றை அறை, ஒரு மேசை, இரண்டு சிலிண்டர், சுவரோரம் கண்ணாடிக் குழாய்க் கட்டுகள், மூலையில் சின்னதாக ஒரு மின் உலை. சிப்காட் கம்பெனிகளின் ஆய்வகங்களிலிருந்தும், கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் உடைந்த கருவிகள் இங்கே வந்து உயிர்பெற்றுத் திரும்புகின்றன.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் தொட்டுப் பழகிய பீக்கரும் குடுவையும் அச்சில் ஊதி எடுத்தவை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயை வைத்து ஒட்டிய கண்டன்சர், பக்கவாட்டில் கை முளைத்த குடுவை, மூன்று வாய் வைத்த குடுவை எல்லாம் அப்படி எளிதாக அச்சுக்கு அடங்காது. அவற்றை ஒரு மனிதர் நெருப்பின் முன் உட்கார்ந்து, கையால் உருட்டி, வாயால் ஊதித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.

நான் போன நேரத்தில் பட்டறையை நடத்தும் பெரியவர் ஒரு கண்டன்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் குழாய் மாட்டும் மூக்கு முறிந்திருந்தது.

"வாங்க சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. சுட்ட கண்ணாடியும் ஆறுன கண்ணாடியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மேசைல எதையும் தொட்டுடாதீங்க" என்றார்.

அறையில் மின்விசிறி உண்டு. வேலை நடக்கும்போது ஓடாது. காற்று பட்டால் சுடர் ஆடும், சூடேறிய கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து விரிசல் விடும். கடலூர் வெயிலில், ஆக்சிஜன் சுடருக்கு ஒரு முழ தூரத்தில், விசிறி இல்லாமல் உட்கார்ந்து செய்கிற வேலை இது. முதலில் கண்டன்சரை மோந்து பார்த்தார். "ஈதர், அசிட்டோன் வாசம் துளி இருந்தாலும் பத்தவைக்க மாட்டேன். கழுவிக் காயவெச்சுக் கொண்டாங்கன்னு திருப்பி அனுப்பிடுவேன் அண்ணே" என்றார், பக்கத்தில் காத்திருந்த கல்லூரி உதவியாளரிடம். உள்ளே ஈரம் இருந்தாலும் ஆபத்துதான். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், சூட்டில் குழாய் கீறிவிடும்.

எல்பிஜியை மட்டும் பற்றவைத்தபோது சுடர் மஞ்சளாக, சோம்பலாக எழுந்தது. ஆக்சிஜனைத் திறந்ததும் சீறிக்கொண்டு நீலமானது. பெரியவர் ஊதாச் சாயல் கொண்ட ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். டிடிமியம் என்பார்கள். சூடான கண்ணாடியிலுள்ள சோடியம் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் ஒளியை வீசும். இதை மாட்டினால் அந்த ஒளி அடங்கி, சுடருக்குள் கண்ணாடி எப்படி இளகுகிறது என்பது தெரியும். எனக்கும் ஒன்றைக் கொடுத்தார். வெறும் கண்ணுக்கு மஞ்சள் தீப்பிழம்பாகத் தெரிந்த இடத்தில், குழாயின் விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது.

முறிந்த மூக்கை ஒரு கண்ணாடிக் குச்சியால் ஒட்டி இழுத்து அகற்றினார். மற்ற துளைகளைத் தக்கையால் அடைத்துவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் முனையை வாயில் கவ்விக்கொண்டார். வெல்லப்பாகு பதத்துக்கு இளகிய இடத்தில் மெல்ல ஊத, அது குமிழாகப் புடைத்து மெலிந்தது. அதைத் தட்டி உடைத்தால் ஓட்டை. அந்த ஓட்டையின் விளிம்பையும் புது மூக்கின் விளிம்பையும் ஒரே நேரத்தில் பழுக்கவைத்துச் சேர்த்தார். சேர்த்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஒட்டிய இடத்தைச் சுடரில் காட்டி, சற்று உள்வாங்கவிட்டு, ஒரு சின்ன ஊதல். மறுபடி சூடு, மறுபடி ஊதல். தையல் தெரியாதபடி சுவர் ஒரே கனத்துக்கு வரும்வரை இரண்டு கையும் நிற்காமல் உருட்டிக்கொண்டே இருந்தன. இடக்கை ஒரு வேகம், வலக்கை ஒரு வேகம் என்றால் குழாய் முறுக்கிக்கொள்ளும். கை பழக வருஷங்கள் ஆகும் என்றார்.

கடைசியில் உலை. சுமார் 560 டிகிரி செல்சியசில் வைத்து மெதுவாக ஆறவிட்டால்தான் உள்ளே தங்கிய இறுக்கம் தளரும். அதைத் தவிர்த்துவிட்டால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் ஒருநாள் ஆய்வகத்தில், கொதிக்கும் அமிலத்தோடு சேர்ந்து வெடிக்கும்.

இந்தக் கண்ணாடி போரோசிலிகேட். ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1915-இல் பைரெக்ஸ் என்ற பெயரில் அதே வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண சோடாக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். அதனால்தான் அடுப்பிலிருந்து எடுத்ததும் கீறுவதில்லை. இளக 820 டிகிரி வேண்டும். பள்ளியில் நாம் பன்சன் சுடரில் வளைத்துப் பார்த்த குழாய் சோடாக் கண்ணாடி. அந்தச் சுடர் இதற்குப் போதாது.

குழாய்க் கண்ணாடி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. பெரியவரிடம் வேலை கொடுக்கும் கம்பெனிகள் நிற்கிற அதே உப்பனாற்றங்கரையில்தான் காரைக்காடும் குடிகாடும் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது, ரோமானிய மதுச்சாடி ஓடுகளோடு கண்ணாடி மணிகளும் கிடைத்தன. வடக்கே, புதுச்சேரிக்கு அருகே, அரிக்கமேடு. அங்கே மணிகளோடு, மணி செய்து மிஞ்சிய குழாய்த் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அதாவது வாங்கி வைத்தவை அல்ல, அங்கேயே செய்தவை. பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரை இந்த வகை மணிகள் போயிருக்கின்றன. பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கும் குறைவானவை. செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. சிவப்பும் பச்சையும் செம்பு தந்த நிறங்கள்.

திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்த மணிகளைச் செய்யும் முறை 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை கைத்தொழிலாக நீடித்தது. அதைப் பார்த்துத்தான் அரிக்கமேட்டுத் துண்டுகளின் பொருள் விளங்கிற்று. உள்ளே துளையுள்ள இரும்புக் குழாயின் நுனியில் கண்ணாடிக் கட்டியைத் திரட்டி உலையில் வைப்பார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கொக்கியால் அதன் முனையைப் பற்றி இழுக்க, துளை மூடாமல் மெல்லிய குழாய் நீண்டுகொண்டே வரும். மணிக்கணக்கில் இழுப்பார்கள். பிறகு அதை மணி மணியாக நறுக்கி, துளை அடையாமலிருக்கச் சாம்பலில் புரட்டி, மறுபடி சூடாக்கி முனை மழுக்குவார்கள். ஊதுவது இல்லை. ஆனால் உள்ளே காற்று இருக்கவேண்டும், சுவர் ஒரே கனமாக வரவேண்டும் என்ற கவலை அவர்களுக்கும் செம்மண்டலத்துப் பெரியவருக்கும் ஒன்றேதான்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. உலகுக்கே கண்ணாடிக் குழாய் இழுத்த கரை இது. அதே கரையில் இன்றைக்குக் கண்ணாடி ஊதத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ள ஆளில்லை. "பையனுங்க வராங்க, மூணு மாசம் இருக்காங்க, விரல்ல ரெண்டு கொப்புளம் வந்ததும் போயிடுறாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல சார், இதுல என்ன வருமானம்?" என்றார் பெரியவர். வருமானம் குறைந்ததற்குக் காரணம் திறமைக்குத் தேவை இல்லாமல்போனதல்ல. உடைந்ததைச் சரிசெய்ய ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்பது தெரியாமல், கல்லூரிகள் பழையதைக் குப்பையில் போட்டுப் புதியதற்கு டெண்டர் விடுவதுதான். மூக்கு முறிந்த ஒரு கண்டன்சரில் மீதமெல்லாம் நல்ல கண்ணாடி.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் உடைசல்களை இந்த வருஷம் கழித்துக்கட்டாதீர்கள். நன்றாகக் கழுவி, காயவைத்து, மாணவர்கள் சிலரையும் கூட அழைத்துக்கொண்டு, கண்ணாடி ஊதுகிறவரிடம் கொண்டுபோங்கள். பெரியவர் ஞாயிறு தவிர எல்லா நாளும் பட்டறையில் இருக்கிறார்.