உரைக்கோப்பும் விரிதாளின் எல்லையும்

களத்தில் அளவெடுப்போரும் பள்ளிகளில் புள்ளிவிவரம் தொகுப்போரும் இந்நாளில் பேரேடுகளைக் காட்டிலும் கணிப்பொறியின் விரிதாளையே மிகுதியும் நம்பியிருக்கின்றனர். எண்களை அடுக்குவதும், கூட்டுவதும், சராசரி காண்பதும் அதில் மிக எளிது. ஆனால் பேரேட்டுக்குக் கடைசிப் பக்கம் ஒன்று இருப்பது போலவே விரிதாளுக்கும் அடிவிளிம்பு ஒன்று உண்டு. பேரேட்டின் கடைசிப் பக்கம் கண்ணுக்குத் தெரியும். விரிதாளின் விளிம்போ, அதனைக் கடந்த பின்னரும் பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்கினை நோக்குவோம். கால்மணிக்கு ஒருமுறை அளவெடுக்கும் தானியங்கி வானிலைக் கருவி நாளொன்றுக்கு 96 பதிவுகளைத் தரும். 365 நாட்களுக்கு 35,040. இத்தகைய 30 கருவிகளின் ஓராண்டுப் பதிவுகளை, ஒரு கருவியின் பின் மற்றொன்றாக, ஒரே உரைக்கோப்பில் சேர்ப்பதாகக் கொள்வோம். மொத்தம் 10,51,200 வரிகள். தலைப்பு வரியையும் சேர்த்து 10,51,201. எக்ஸெல் விரிதாளில் உள்ள நிரைகளோ 10,48,576 மட்டுமே. எனவே 2,625 வரிகளுக்கு இடமில்லாமற் போகிறது. விழுந்துபோனவை எவை? முப்பதாவது கருவியின் டிசம்பர் 4-ஆம் நாள் பிற்பகல் முதல் ஆண்டிறுதி வரையிலான பதிவுகள். அக்கருவி ஆந்திரக் கரையிலோ தமிழகக் கரையிலோ நிற்குமாயின், வடகிழக்குப் பருவமழையின் ஒரு பகுதியே கணக்கிலிருந்து மறைந்துவிட்டது என்று பொருள். மற்ற 29 கருவிகளின் கூட்டுத்தொகை துல்லியமாகவே இருக்கும். ஆகவே ஒன்றிரண்டு கருவிகளை மட்டும் சரிபார்ப்பவருக்கு ஐயம் எழ வழியில்லை. முப்பதாவது நிலையத்தில் அவ்வாண்டு மழை குறைவு என்றே அவர் எழுதிவிடக்கூடும்.

கோப்பு முழுவதும் ஏறவில்லை என்று எக்ஸெல் ஓர் எச்சரிக்கையைக் காட்டத்தான் செய்கிறது. வேலை நெருக்கடியில் அதை மூடிவிட்டு, திறந்த கோப்பை அதே பெயரில் சேமித்துவிட்டால், மூலக்கோப்பிலிருந்தும் அவ்வரிகள் போய்விடும். கோப்பினை மனிதர் திறவாமல் ஒரு நிரல் தானே திறந்து நிரப்பும் ஏற்பாடுகளில் எச்சரிக்கையைப் படிக்க எவருமே இருப்பதில்லை.

இங்கிலாந்தில் 2020-இல் நிகழ்ந்தது இவ்வகையைச் சேர்ந்தது. கொரோனா தொற்றுப் பரிசோதனை முடிவுகள் ஆய்வுக்கூடங்களிலிருந்து உரைக்கோப்புகளாக வந்தன. அந்நாளில் இயங்கிய பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்ஸெலின் பழைய வடிவக் கோப்புகளில் தானியங்கி முறையில் ஏற்றியது. அப்பழைய வடிவத்தின் எல்லை 65,536 நிரைகள். ஒரு நோயாளியின் விவரம் பல நிரைகளை எடுத்துக்கொண்டமையால், ஒரு கோப்பு ஏறத்தாழ 1,400 பேருக்கே போதியதாயிற்று. விளைவாக, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டனர். நோயுற்றோருக்குத் தத்தம் முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியோரைத் தேடிச் சென்று எச்சரிக்கும் பணி, பெயர்கள் உரியவரிடம் போய்ச் சேராமையால் நாட்கணக்கில் தாமதமாயிற்று. தொற்றுநோயில் ஒரு நாள் தாமதம் எத்தகையது என்பதைச் சுகாதாரப் பணியாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

65,536 என்பது எங்கிருந்து வந்த எண் என்று மாணவர் வினவக்கூடும். 2-ஐ 16 முறை தன்னால் பெருக்கினால் கிடைப்பது அது. நிரையின் எண்ணைக் குறிக்க 16 இரும இலக்கங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் இவை 20 ஆக்கப்பட்டன. 10,48,576 என்னும் எண் அவ்வாறு வந்ததே. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் சுமார் 6,40,000 கிராமங்கள். கிராமத்துக்கு ஒரு நிரையாக எழுதினால் புதிய தாளில் அவை அடங்கும். ஆண், பெண் என இரண்டிரண்டு நிரைகளாக எழுதினால் அடங்கா.

நிரைகளின் எல்லை ஒருபுறமிருக்க, நினைவகத்தின் எல்லை வேறொன்று. உரைக்கோப்பில் 27.4 என்னும் எண் நான்கு எழுத்துகள், அதாவது நான்கு பைட்டுகள். விரிதாளில் அதே எண் எட்டு பைட்டுகளில் இருத்தப்படுகிறது. அதன்மேல் எந்தக் கட்டம், எவ்வடிவம் என்னும் குறிப்புகளும் சேர்கின்றன. ஆகவே வட்டில் சிறிதாகத் தோன்றும் கோப்பு நினைவகத்தில் பெருகி நிற்கும். மேலும், உரைக்கோப்பினை வரிவரியாகப் படிக்கும் நிரல், படித்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். விரிதாளோ அனைத்தையும் ஒருசேர ஏந்தி நிற்கவேண்டும். வாய்க்காலில் நாள் முழுதும் ஓடும் நீரை ஒரே தொட்டியில் தேக்க முயல்வதற்கு இது ஒப்பாகும்.

கணிப்பொறியில் 16 ஜிகாபைட் நினைவகம் இருப்பினும், 32 இரும இலக்க எக்ஸெல் பதிப்பு அதனை முழுதும் பயன்படுத்த இயலாது. 32 இலக்கங்களால் சுட்டக்கூடிய முகவரிகள் 4 ஜிகாபைட்டுக்கு மேற்படா. அவற்றுள்ளும் எக்ஸெலின் பழைய பதிப்புகளுக்கு வழக்கமாக 2 ஜிகாபைட்டே கிட்டியது. 64 இலக்கப் பதிப்புக்கு இத்தடை இல்லை. தமிழில் பெயர்களை எழுதுவோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம்: யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் ஆகுமிடத்துத் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கே 15 பைட்டுகள். கோப்பு பெரிதாக இருப்பதால் வரிகளும் மிகுதி என்று கொள்வது இதனால் பொருந்தாது. வரிகளை எண்ணியே அறியவேண்டும்.

நினைவகம் போதாமல் கணிப்பொறி நின்றுவிடுவதை நாம் சினத்துடன் நோக்குகிறோம். உண்மையில் அது நேர்மையான பிழை. வேலை நடைபெறவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. விளிம்பில் சத்தமின்றி வெட்டுண்ட கோப்பே அஞ்சத்தக்கது.

இதற்கு எளிய காப்பு, கோப்பைத் திறக்கும் முன்னரே வரவேண்டிய வரிகளைப் பெருக்கிக் காண்பதாகும்: கருவிகள், நாட்கள், நாளுக்குரிய பதிவுகள். திறந்த பின் கடைசி நிரைக்குச் சென்று அதன் எண்ணோடு ஒப்பிடுக. அது சரியாக 10,48,576 அல்லது 65,536 என்று நின்றால், தரவு அங்கு முடியவில்லை, தாள்தான் முடிந்தது என்று கொள்ளலாம்.

எல்லை மீறும் கோப்பை மாதவாரியாகவோ நிலையவாரியாகவோ பிரிக்கலாம். ஒவ்வொரு பகுதியிலும் தலைப்பு வரியை மீண்டும் இடுதல் வேண்டும். நாட்கூட்டுத்தொகை மட்டுமே தேவையெனில், எக்ஸெலின் பவர் குவெரி வாயிலாக வரிகளைத் தாளில் பரப்பாமலே தொகுத்துப் பெறலாம். 30 கருவிகளின் ஓராண்டு அப்போது 10,950 நிரைகளில் அடங்கிவிடும். ஆண்டுதோறும் வளரும் பதிவுகளுக்கு விரிதாள் ஏற்ற இடமன்று, எஸ்.க்யூ.லைட் போன்ற விலையில்லாத் தரவுத்தளத்தில் அவற்றை வைத்து, வேண்டிய பகுதியை மட்டும் விரிதாளுக்கு எடுத்து வருதலே முறை. கருவியிலிருந்து வந்த உரைக்கோப்பை மட்டும் எந்நிலையிலும் மாற்றாது, படிக்க மட்டும் இயலும் கோப்பாகத் தனியே வைத்திருத்தல் வேண்டும். டிசம்பர் 4 பிற்பகலுக்குப் பின் அந்நிலையத்தில் மழை பெய்ததா என்பதை அடுத்த ஆண்டு எவரேனும் வினவினால், விடை அதில் மட்டுமே இருக்கும்.