புகை வெளியேற ஒரு வழி

பணிமாற்றம் பெற்றுத் தில்லிக்குச் செல்லும் நம்மவர் பலர் முதற்குளிரிலேயே அங்கீட்டியை அறிந்துகொள்கின்றனர். அது நம் குமுட்டி அடுப்பின் இனம். இரும்புச் சட்டியில் கரியோ விறகோ கனன்றுகொண்டிருக்கும். திறந்த வெளியில் அதைச் சுற்றி அமர்ந்து குளிர்காய்வது வேறு. படுக்கையறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குவது வேறு. 2024 ஜனவரியில் தில்லியின் அலிப்பூர்ப் பகுதியில் அவ்வாறு உறங்கிய தாய், தந்தை, இரு குழந்தைகள் ஆகிய நால்வரும் விடியலைக் காணவில்லை.

கரி கனன்று புகை அடங்கிவிட்டால் அச்சமில்லை என நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. போதிய காற்றின்றி எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. உறங்குபவர் விழிக்காமலே நினைவிழக்கிறார்.

ஆங்கிலேயர் காலத்துப் புதுதில்லி பங்களாக்களில் கணப்படுப்பின் மேல் புகைபோக்கி அமைத்திருந்தனர். சூடான வாயு இலேசாகி அதன் வழியே மேலேறும்; அவ்விடத்தை நிரப்ப வெளிக்காற்று அறைக்குள் வரவேண்டும். போகும் வழி, வரும் வழி ஆகிய இரண்டும் இருந்தால்தான் வீட்டுக்குள் நெருப்புக்கு இடமுண்டு. புகைபோக்கியில் பறவைக்கூடோ கரிப்படிவோ அடைத்துக்கொண்டால் நச்சுவாயு அறைக்கே திரும்பும். எனவே, ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் அதைத் துப்புரவு செய்தல் வேண்டும். அங்கீட்டிக்கோ போகும் வழியே கிடையாது. குளிருக்கு அஞ்சிச் சன்னல் இடுக்கையும் துணியால் அடைக்கும்போது வரும் வழியும் மறைகிறது.

குளியலறையிலுள்ள எரிவாயு கீசருக்கும் இதே விதிதான். அதனைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துவதே நலம். அதன் புகைக்குழாய் திறந்த வெளியில் சென்று முடிய வேண்டும்.

வாடகை வீடு பார்க்கையில் முன்பணத்தையும் தண்ணீர் வசதியையும் விசாரிக்கும் நாம், காற்றுப்போக்கியையும் பார்த்துவிடுவோம். அறைக்கு வெப்பம் தேவையெனில் மின் ஹீட்டரைப் பயன்படுத்தலாம். அதிலிருந்து இந்நச்சு எழுவதில்லை. எரியும் அடுப்புள்ள வீட்டில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு ஆகியவை ஒருவருக்கு மேற்பட்டோரிடம் ஒருசேரத் தோன்றினால், உடனே அனைவரும் வெளியேறி 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

சிறிது திறந்த சன்னலால் அறையின் வெப்பம் ஓரளவு குறையலாம். அக்குளிரைக் கம்பளி தாங்கிக்கொள்ளும்.