வெண்புள்ளியும் பெயர்ப்பழியும்

உடலை வருத்தும் நோய்கள் பல. உடலை அவ்வளவாக வருத்தாது வாழ்வைப் பெரிதும் வருத்தும் நோயும் உண்டு. தோலின் நிறம் ஆங்காங்கே நீங்கி வெண்மை படர்வதாகிய நோய் அத்தகையது. அதனை இன்று மருத்துவர் வெண்புள்ளி என்பர். ஊரார் பலர் வெண்குட்டம் என்றே இன்னும் வழங்குவர். இவ்விரு பெயர்களுக்கும் இடையே உள்ள தொலைவு சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. ஒரு பெண்ணின் மணமும் ஓர் இளைஞனின் வேலையும் அத்தொலைவைப் பொறுத்து அமைதல் உண்டு. ஆதலின் நோயின் இயல்பையும் பெயரின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவது பயனுடைத்து.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதனை ஆக்கும் உயிரணுக்களை, நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காப்பாற்றலே பகையெனக் கொண்டு அழித்துவிடுகிறது. அழிந்த இடம் வெளுக்கிறது. உலக மக்களுள் இருநூற்றுவருக்கு ஒருவர் முதல் ஐம்பதின்மருக்கு ஒருவர் வரை இந்நோய் உடையர் என மதிப்பிடுவர். அவருள் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கு 20 வயதுக்கு முன்னரே தோன்றிவிடுகிறது. இது தொற்றுவதன்று. வெளுத்த இடம் வெயிலில் எளிதில் கன்றும் என்பதொழியப் பெரும்பாலோர்க்கு வலியும் இல்லை. தொடுவுணர்ச்சியும் குறைவதில்லை. தொழுநோயால் வெளிறிய இடத்திலோ பெரும்பாலும் உணர்ச்சி மங்கும். இவ்வேறுபாடு இரண்டையும் பிரித்துணர உதவும் ஒரு சான்றாகும்; அது ஒன்றே போதியதன்று.

அங்ஙனமாயின், இரண்டும் ஒரு பெயரின்கீழ் வந்தது எவ்வாறு? குட்டம் என்பது குஷ்டம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பண்டை ஆயுர்வேத நூலார் குட்டத்தைப் பதினெட்டு வகையாக எண்ணினர். அப்பதினெட்டும் ஒரே நோய் அல்ல; படை, சொறி போன்ற தோல்நோய்கள் பலவும் அதனுள் அடங்கும். அஃதாவது, அச்சொல் அன்று தோல்நோய்ப் பொதுப்பெயராகவே நின்றது. வெண்ணோயைச் சரகர் குட்டத்தை அடுத்து வேறாக வைத்துக் கூறினார். சுசுருதரோ அது தோலளவில் நிற்பது, நீர் வடியாதது என இயல்பு பிரித்துக் காட்டினார். மருத்துவர் அறிந்த இந்நுண்மை மக்கள் வழக்கில் நிற்கவில்லை. பொதுப்பெயர் நாளடைவில் தொழுநோய் ஒன்றற்கே சிறப்புப்பெயராய்ச் சுருங்கியபோது, 'வெண்' என்னும் அடையோடு கூடிய பெயரும் அதனுடன் இழுபட்டு வந்தது. சொற்பொருள் சுருங்குதல் மொழியில் இயல்பாக நிகழ்வதே. ஆயின் இங்குச் சுருங்கிய பொருளின் சுமை மனிதர் தலைமேல் ஏறிற்று.

தோலின் மேல் தோன்றும் வேறுபாட்டைத் தமிழர் எப்போதும் இழிவாகக் கண்டனர் எனக் கூறவும் இயலாது. சங்கப் பாடல்களில் சுணங்கும் திதலையும் மகளிர்க்கு அழகு செய்வன. சுணங்கிற்கு வேங்கை மலர் உவமையாகும். அதற்குத் தேமல் எனப் பொருள் உரைப்பர். அதே தேமல் இன்று பூஞ்சையால் வரும் ஒரு தோல்நோயின் பெயர். அதற்குக் களிம்பு வாங்குகிறோம்! மற்றொரு புறம், பிரிவுத் துயரால் மேனி நிறம் மாறுதலைப் பசலை என்றனர். திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்னும் 119-ஆம் அதிகாரம் முழுதும் அதுபற்றியதே. பசலை நோயாக எண்ணப்பட்டினும் அதனை உடையாள் இரக்கத்திற்கு உரியவளாகவே நின்றாள், விலக்கப்படவில்லை. மேனியின் நிறமாற்றம் ஒன்றே. அதனைக் காண்பார் கொள்ளும் பொருள் வெவ்வேறு என்பது இவற்றால் பெறப்படும்.

இனி, அன்றாட வாழ்வை நோக்குவோம். வெளிர்நிறத்தாரிடம் இவ்வெண்மை எளிதில் புலப்படாது. நம்மவர் கரிய மேனியிலோ தொலைவிலிருந்தே தோன்றும். கைப்புறத்தில் ஒரு புள்ளி வந்தவர் முழுக்கைச் சட்டைக்கு மாறுகிறார். உதட்டோரம் வந்தவர் நிழற்படத்தில் முகம் திருப்பி நிற்கிறார். பந்தியில் அடுத்த இலை வெறுமையாய்க் கிடப்பது தற்செயலோ அன்றோ எனத் துணிய இயலாமையே ஒரு தனித் துன்பம். பெண் பார்க்கும் சடங்கில் நோயுடையாளுக்கு மட்டும் இடர் என்பதில்லை. அவள் தங்கைக்கும் வரன் தட்டிப்போகிறது. உணவிலும் தடைகள் பல. மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்தது என்பார் ஒருவர். புளிப்பு விலக்குக என்பார் மற்றொருவர். இவற்றிற்கு அறிவியற்சான்று இல்லை. எனினும் வீட்டில் எல்லாரும் உண்ணும் குழம்பை ஒரு குழந்தை மட்டும் உண்ணாதிருக்கும்போது, நோய் தட்டிலும் வந்து அமர்கிறது.

உண்மையான எச்சரிக்கைகளோ பலர்க்குத் தெரிவதில்லை. காயமோ இடைவிடா உராய்வோ நேரும் இடத்தில் புதிய புள்ளி தோன்றக்கூடும். இடுப்பில் இறுகக் கட்டும் பாவாடை நாடா அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சில வேதிப்பொருள்களும் நிறத்தை நீக்கும். அமெரிக்கத் தோல் பதனிடும் தொழிலாளர் சிலர்க்கு அவர்கள் அணிந்த ரப்பர்க் கையுறையால் கைகள் வெளுத்தமை 1939-இல் அறியப்பட்டது. நம் நாட்டில் ஒட்டுப்பொட்டின் பசையால் நெற்றியில் வட்டமாக வெளுத்தாரும், ரப்பர்ச் செருப்பின் வார் பட்ட இடம் வெளுத்தாரும் உளர். மங்கலமாக இட்ட பொட்டே ஊரார் சுட்டும் குறியாய் மாறுவது கொடுமை.

இத்துன்பத்தை அளக்கவும் முயன்றுள்ளனர். தோல்நோயுடையாரின் வாழ்க்கைத்தரத்தை அறியப் பத்து வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று பிரித்தானியாவின் கார்டிப் நகரில் 1994-இல் வகுக்கப்பட்டது. அதன் உச்ச மதிப்பெண் 30. ஆடை, கடைக்குச் செல்லுதல், வேலை, நட்பு முதலியன பற்றிக் கடந்த ஒரு வாரத்து நிலையை அது கேட்கும். ஆயின் முதல் வினாவே அரிப்பும் வலியும் பற்றியது. வெண்புள்ளியுடையார் பலர் 'இல்லை' என்றே விடை தருவர்; அவர் துன்பம் அவ்வளவிற்குக் குறைவாய்த் தோன்றும். ஒரு வாரத்தைக் கேட்கும் வினா, ஆறு மாதத்திற்கு முன் தவறிப்போன திருமணப் பேச்சை அறியாது. இக்குறை நோக்கியே போலும், தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் இந்நோய்க்கெனத் தனி அளவுகோல் ஒன்றை ஆக்கி 2013-இல் வெளியிட்டனர்.

பெயரை மாற்றினால் துன்பம் தீருமோ? ஒரு பகுதி தீரும் என்பதே எம் கருத்து. எனினும் ஒன்று கருதத்தக்கது. 'இது குட்டம் அன்று' என உரத்துக் கூறுங்கால், குட்டம் உடையாரை விலக்குதல் முறையே என்னும் பொருளும் உடன் தொனிக்கிறது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை ஆன்சன் 1873-இல் கண்டார். கூட்டு மருந்து முறையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. இன்று அந்நோய் முற்றும் குணமாவது. அதனை மணவிலக்கிற்குக் காரணமாகக் கொண்ட சட்டப்பகுதிகள் இந்தியாவில் நீக்கப்பட்டதோ 2019-இல்தான். ஒருவர் மேல் விழுந்த பழியை மற்றொருவர் மேல் தள்ளிவிட்டு நாம் மீள்வது நேரிதன்று.

மருத்துவம் பற்றிச் சிறிது கூறலாம். கார்போகரிசி பூசி வெயிலில் காயும் முறை இந்நாட்டில் பழமையானது. எகிப்தில் எல் மோப்டி என்பார் வேறொரு செடியின் விதையிலிருந்து எடுத்த பொருளைக்கொண்டு இதே நெறியில் செய்த ஆய்வை 1948-இல் வெளியிட்டார். இன்று குறித்த அலைநீளமுடைய புறஊதா ஒளி பயன்படுகிறது. ரக்சோலிட்டினிப் என்னும் களிம்பிற்கு 2022-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. பயன் மெல்லவே வரும். மாதக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். மீளும் நிறம் முதலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறுசிறு புள்ளிகளாய் அரும்பி, பின்னர் ஒன்றோடொன்று கூடும். முகத்திலும் கழுத்திலும் இது பெரும்பாலும் நன்கு நிகழ்கிறது. விரல் நுனியிலும் உதட்டிலும் மயிர்க்கால் இல்லை. ஆதலின் அங்கு நிறம் மீளுதல் அரிது. பேருந்தில் காசு நீட்டும் விரலும், பேசத் திறக்கும் உதடும் அவையே.