செவ்வாய்க்கிழமையே சுபதினம்! டில்லி யூதர் வீட்டுக் கல்யாணம்

ஆடி பிறந்துவிட்டால் ஜனக்புரித் தமிழர் வீடுகளில் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு ஆவணிக்குக் காத்திருப்பார்கள். இது நமக்கு மட்டுமே உள்ள வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இதே தலைநகரில், கிட்டத்தட்ட இதே நாட்களில் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் இன்னொரு சமூகம் இருக்கிறது. கான் மார்க்கெட்டுக்கு அருகே ஹுமாயூன் சாலையில் 1956ல் எழுந்த யூதா ஹியாம் ஜெபாலயத்தைச் சேர்ந்த யூதர்கள்தான் அவர்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களே இப்போது டில்லியில் உள்ளன.

தம்மூஸ் மாதம் 17ந் தேதி தொடங்கி ஆவ் மாதம் 9ந் தேதி வரை மூன்று வாரம் அவர்களுக்குத் துக்க காலம். எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதை நினைத்து அந்நாட்களில் விவாகம் செய்வதில்லை. 2025ல் இது ஜூலை 13ல் தொடங்கி ஆகஸ்ட் 3ல் முடிந்தது. நமது ஆடியோ ஜூலை 17ல் பிறந்தது. காரணம் வேறு, பலன் ஒன்றே!

பாஸ்கா பண்டிகைக்குப் பின் வரும் 49 நாட்களிலும் பெரும்பகுதி விலக்கு. இடையே 33ம் நாள் மட்டும் கல்யாணத்துக்கு உகந்தது. பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்துச் சித்திரையில் தேதி வைப்பது நமக்கு வசதி. அவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது.

கிழமையில்தான் வேடிக்கை. 'செவ்வாயோ வெறுவாயோ' என்று நாம் ஒதுக்கும் செவ்வாய் அவர்களுக்கு விசேஷமான நாள். உலகைப் படைத்த கதையில் மூன்றாம் நாளுக்கு மட்டும் 'நல்லது' என்ற சொல் இரண்டு தடவை வருகிறதாம். ஆனால் செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்றால் ஆபீஸ் லீவுக்கு எங்கே போவது? அதனால் உத்தியோகஸ்தர்கள் ஞாயிற்றுக்கிழமையை நாடுகிறார்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல். உறவினர் பெரும்பாலும் மும்பை, தாணே பக்கம் உள்ள பெனே இஸ்ரவேலர்கள். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' என்று பெயர் பெற்ற வம்சம். வெள்ளி சூரியாஸ்தமனம் முதல் சனி இருட்டும் வரை ஓய்வு நாள். ஆசாரம் தவறாதவர் அப்போது பிரயாணம் செய்யார். மாலையில் புறப்பட்டு மறுநாள் காலை டில்லி சேரும் மும்பை ராஜதானியில் சனிக்கிழமை ஏற முடியாது. வெள்ளி மாலையும் கூடாது, இரவு ரயிலிலேயே கழியுமே! வியாழன் மாலையே ஏறியாக வேண்டும். ஞாயிறு கல்யாணத்துக்கு வந்தவர் மூன்று நாள் விருந்தாளி ஆகிவிடுகிறார். முன்பதிவு 60 நாளுக்குமுன் திறப்பதால் தேதியை அதற்குள் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

பெரிய கவலை ஆள் எண்ணிக்கை. மண மேற்கட்டியின் கீழ் ஏழு ஆசீர்வாதங்கள் சொல்ல, வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது பழைய விதி. 1948க்குப் பின் ஏராளமான குடும்பங்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. டில்லி ஜெபாலயத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்த எசேக்கியேல் ஐசக் மாலேகர் பெண்களையும் அந்தப் பத்தில் சேர்த்து எண்ணினார். வைதிகர்கள் இதை ஏற்பதில்லை. ஆனால் ஆளே இல்லாத ஊரில் வேறு என்ன செய்வது?

வரன் கிடைப்பதும் அதே கஷ்டம்தான். 1955ம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் யூதர்களைச் சேராது; அவர்களுக்குத் தங்கள் சம்பிரதாயமே சட்டம். வேறு மதத்தில் சம்பந்தம் செய்தால் 1954ம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யலாம். அதற்கு 30 நாள் நோட்டீஸ் தேவை என்பதால் தேதிக் கணக்கில் ஒரு மாதம் கூடிவிடும்.

மற்றபடி கல்யாண வீடு நம் கல்யாண வீடு போலத்தான். கொச்சி யூதப் பெண்களுக்குத் தாலி அணியும் வழக்கம்கூட இருந்தது. பெனே இஸ்ரவேலர் பெண்ணுக்கு மருதாணி இடுவார்கள். கல்யாணத்தையொட்டி 'மலிதா' நடத்துவார்கள்: நனைத்த அவலில் தேங்காய்த் துருவலும் இனிப்பும் கலந்து, பழங்களோடு தட்டில் வைத்து, எலியா தீர்க்கதரிசியின் பெயரால் வேண்டிக்கொண்டு எல்லோருக்கும் பகிர்வார்கள்.