அகதி முகாமிலிருந்து ஒலிம்பிக் மைதானத்துக்கு

2016 ஆகஸ்ட் 5ஆம் திகதி. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் ஒலிம்பிக் ஆரம்ப விழா. ஒவ்வொரு நாட்டு அணியும் தத்தம் கொடியோடு மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தது. கடைசியாக வரவேண்டிய பிரேசில் அணிக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய அணி வந்தது. அதில் பத்துப் பேர் மட்டுமே. அவர்களிடம் எந்த நாட்டின் கொடியும் இல்லை. ஐந்து வளையங்கள் கொண்ட ஒலிம்பிக் கொடியே இருந்தது. அதை ஏந்தி முன்னால் நடந்தவர் ரோஸ் நதிகே லோகொன்யென் என்ற இளம் பெண். கூடியிருந்தோர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அகதிகளுக்கென ஓர் அணி ஒலிம்பிக்கில் பங்குபற்றியது அதுவே முதற்தடவை. ஒலிம்பிக்கில் பங்குபற்றத் திறமை மட்டும் போதாது. ஒரு நாட்டின் ஒலிம்பிக் குழு நமது பெயரைக் கொடுக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நாட்டைவிட்டு வந்தவரின் பெயரை எந்த நாடு கொடுக்கும்? இந்த இடைவெளியை நிரப்பவே 2015இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அகதிகள் அணியை அறிவித்தது. முதல் அணியின் பத்துப் பேரில் நால்வர் பெண்கள்.

சப்பாத்து இல்லாத ஓட்டம்

ரோஸின் ஊர் இன்றைய தென் சூடானில் உள்ளது. 2002இல் யுத்தத்துக்குத் தப்பிக் குடும்பத்தோடு கென்யாவின் ககுமா அகதி முகாமுக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயதளவில் இருக்கும். ககுமா வெயிலும் புழுதியும் நிறைந்த வரண்ட பிரதேசம். 1992இல் தற்காலிகமாக அமைக்கப்பட்ட அந்த முகாமிலேயே பின்னர் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. பெற்றோர் ஊருக்குத் திரும்பிய பின்னர் தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பு ரோஸின் தலையில் விழுந்தது.

பாடசாலையில் ஓர் ஆசிரியர் சொன்னதால் பத்துக் கிலோமீற்றர் ஓட்டப் போட்டியொன்றில் ஓடினார். பயிற்சியும் இல்லை, காலில் சப்பாத்தும் இல்லை. இரண்டாவதாக வந்தார். பின்னர் கென்யாவின் புகழ்பெற்ற மரதன் வீராங்கனை டெக்லா லோரூப்பின் அமைப்பு, முகாமில் தகுதிப் போட்டிகளை நடத்தி ரோஸையும் வேறு சிலரையும் தெரிவுசெய்தது. நைரோபிக்கு அருகிலுள்ள பயிற்சி நிலையத்தில் தங்குமிடமும் உணவும் பயிற்சியும் கிடைத்தன. ரியோவில் ரோஸ் 800 மீற்றர் ஓடி முதற் சுற்றோடு வெளியேறினார். 2021இல் டோக்கியோவில் மீண்டும் ஓடினார். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் ரியோவைவிட விரைவாக ஓடி முடித்தார்.

"ஆர் பாத்தது?"

ரோஸின் கதையை நான் பணிபுரியும் மீள்குடியேற்றக் கிராமமொன்றில், மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அங்கு பின்னேரத்தில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்க முயன்றோம். வருகிறவர்கள் குறைவாக இருந்ததே கதை சொல்லக் காரணம். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் மட்டும் கேட்டார்: "எல்லாஞ் சரி மிஸ். அந்தப் பிள்ளை ஓடேக்க தம்பி தங்கச்சியை ஆர் பாத்தது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கணவரை இழந்த அந்தத் தாய் காலையில் கூலிவேலைக்குப் போய் மாலையில்தான் திரும்புவார். அதுவரை வீட்டைப் பார்ப்பது அவரது பதினான்கு வயது மகள். தண்ணீர் எடுப்பதும் சமைப்பதும் அவள்தான். அவள் விளையாட வராதது தாயின் பிடிவாதத்தால் அல்ல. அவளுடைய வேலையைச் செய்ய அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

"முயன்றால் முடியாதது இல்லை" என்று சொல்லி நாம் இக்கதைகளை முடித்துவிடுகிறோம். முயற்சி பெரியதுதான். ஆனால் ரோஸின் முயற்சிக்குப் பின்னால் "நீயும் ஓடு" என்ற ஓர் ஆசிரியர் இருந்தார். தேடி வந்த ஓர் அமைப்பு இருந்தது. சோற்றுக்கும் சப்பாத்துக்கும் ஒரு வழி இருந்தது. இவை இல்லாத பெண்பிள்ளையைப் பார்த்து முயற்சி போதாது என்பது நியாயமாகாது.

பழகிய கலை கைகொடுத்தது

விளையாட்டு பெண்பிள்ளைக்கு வீண்வேலை என்று நினைப்போர் யுஸ்ரா மர்டினியின் கதையை அறிய வேண்டும். சிரியாவைச் சேர்ந்த யுஸ்ராவுக்கும் அக்கா சாராவுக்கும் சிறுவயதிலேயே நீச்சல் பழக்கியவர் அவர்களது தந்தை. 2015இல் துருக்கியிலிருந்து கிரேக்கத் தீவொன்றுக்கு இருவரும் இறப்பர்ப் படகில் புறப்பட்டனர். ஏழெட்டுப் பேருக்கான படகில் இருபது பேரளவில் இருந்தனர். நடுக்கடலில் இயந்திரம் நின்றது. சகோதரிகளும் வேறு சிலரும் கடலில் இறங்கி, மூன்று மணித்தியாலங்களுக்கு மேலாகப் படகைக் கரைநோக்கிச் செலுத்தினர். எல்லோரும் உயிர் தப்பினர். மறு வருடமே யுஸ்ரா ரியோவில் நீந்தினார்.

கடதாசி இல்லாத வீராங்கனை

சின்டி நிகாம்பாவுக்கு வந்த தடை வேறு விதமானது. கமரூனில் பிறந்து பதினொரு வயதில் பிரித்தானியாவுக்கு வந்தவர். அங்கு குத்துச்சண்டை பழகித் தேசிய மட்டத்தில் வென்றார். வதிவிடப் பத்திரம் சரியில்லையென ஒருமுறை தடுத்தும் வைக்கப்பட்டார். அவர் தன்பாலின ஈர்ப்புடையவர். கமரூனில் அது சட்டப்படி குற்றம் என்பதால் திரும்பிப் போகவும் முடியாது. அகதி அந்தஸ்து கிடைத்தது. ஆனால் பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாததால் அந்நாட்டு அணியில் இடமில்லை. 2024இல் பாரிஸில் அகதிகள் அணிக்காகப் போட்டியிட்டு, 75 கிலோ பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக்கில் அகதிகள் அணி பெற்ற முதற் பதக்கம் அதுவே. அதே மாதம் மாற்றுத்திறனாளிகளுக்கான பராலிம்பிக்கிலும் அகதிகள் அணிக்கு முதற் பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தவர் ஒரு பெண்; ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த டைக்குவாண்டோ வீராங்கனை சாக்கியா குதாதாதி.

2024 இறுதியில் உலகில் 12 கோடிக்கும் அதிகமானோர் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர். பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அகதிகள் அணியில் இருந்தவர்கள் 37 பேர். நமது பிள்ளைகள் எல்லோரும் ஒலிம்பிக்குக்குப் போகப்போவதில்லை. போகவும் தேவையில்லை. ஒரு நாளில் ஒரு மணித்தியாலம் தன் உடம்பு தனக்கென்று ஒரு பிள்ளை ஓடினால் அதுவே பெரிது.

அந்தத் தாயின் கேள்விக்கு அன்று பதில் சொன்னது நானல்ல. பக்கத்து வீட்டு அம்மம்மா ஒருவர். "செவ்வாயும் வியாழனும் சின்னனுகளை என்னட்டை விடு, நான் பாக்கிறன்" என்றார். அந்த இரண்டு நாட்களும் இப்போது அந்தப் பிள்ளை வருகிறாள். சகோதரிகளே, உங்கள் அயலில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்த ஒரு மணித்தியாலத்தை அவளுக்குக் கொடுக்க உங்களால் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.