படமேற்றும் சிறு கருவிகள்

நம் தருமபுரி மாவட்டத்தில் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்களைக் காண்கிறோம். ஆநிரை மீட்கப் போரிட்டும் பிற போர்களிலும் மாண்ட வீரர்களின் நினைவுச் சின்னங்கள் அவை. நகரின் அரசு அருங்காட்சியகத்திலும் பல உள்ளன. வெளியில் நிற்பவற்றின் வட்டெழுத்துகளை வெயிலும் மழையும் மெல்லத் தேய்க்கின்றன. அவற்றைப் படமெடுத்து உலகோர் காணச் செய்வது எங்ஙனம்?

2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விக்கிமீடியா பொதுவகம் இதற்கேற்ற இணையக் களஞ்சியம். ஒன்றிரண்டு படங்களை உலாவி வழியே ஏற்றிவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் 'பேட்டிபேன்' போன்ற சிறு மென்பொருள் கைகொடுக்கும். கணினியில் படங்கள் உள்ள கோப்புறையை அதற்குக் காட்டினால், அட்டவணை ஒன்றை உருவாக்கித் தரும். அதில் ஒவ்வொரு படத்திற்கும் பெயர், விவரம், நாள், எடுத்தவர், உரிமம் ஆகியவற்றை நிரப்புகிறோம். விடுபட்டவற்றைச் சுட்டிக்காட்டிய பின், கருவியே படங்களை ஒவ்வொன்றாக ஏற்றிவிடும்.

ஆயினும் கருவி வெறும் வண்டியே, சரக்கு நம்முடையது. ஊர்ப்பெயர் இல்லாத நடுகல் படம் முகவரியில்லாக் கடிதம் அன்றோ! கட்டற்ற உரிமத்தில் கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது. ஆதலால் பிறர் எடுத்த படங்களை ஏற்றலாகாது. கைப்பேசிப் படத்தினுள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். நடுகல்லுக்கு அது நன்மை. வீட்டில் எடுத்த தோழியின் படத்திற்கோ தீமை. இவ்வேறுபாட்டைக் கருவி அறியாது; நாம்தாம் அறிய வேண்டும்.

வரும் விடுமுறையில், பெற்றோர் துணையுடன் நம் ஊர்க் கல்லொன்றைப் படமெடுப்போம். அதன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து பிழையின்றி எழுதுவோம்.