'எதிர்ப்பு' என்று குத்தினால் என்ன நடக்கும்?

ஒற்றைப்படை ஆண்டுகளில் நவம்பர் நெருங்கினால் டெக்சாஸில் இருக்கும் நம்ம ஆட்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "இந்த ப்ரொபசிஷனுக்கெல்லாம் எதுக்குங்க போடுறது?" 2023-ல் 14 வந்தது, 2025-ல் 17. இந்தியாவில் அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தோடு முடிந்துவிடும், சிலவற்றுக்கு மட்டும் பாதி மாநிலச் சட்டமன்றங்கள் சம்மதிக்கணும். இங்கே மாநில அவைகள் இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒத்துக்கொண்ட பிறகு நம்மிடம் வருகிறது. கவர்னர் கையெழுத்துகூட வேண்டியதில்லை.

ஏன் இத்தனை? 1875-ல் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அரசாங்கத்தை நம்பாதவர்கள். எதையும் செய்ய விடாமல் கட்டிப் போட்டார்கள். பொதுச்சொத்தை தனியாருக்கு இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி. ஓய்வுபெற்ற போலீஸ் நாயும் பொதுச்சொத்து! அதை வளர்த்த போலீஸ்காரரிடமே சும்மா கொடுக்க 2019-ல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. 93 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. நானும் போட்டேன், நாய்க்கு எதிராக எவன் போடுவான்?

அதே சீட்டில்தான் நாலாவது கேள்வியும் இருந்தது. தனிநபர் வருமான வரியைத் தடை செய்யலாமா? படித்தவுடன் 'ஆமா' என்றுதான் கை போகும். நான் பார்த்தது, எதிர்ப்பு ஜெயித்தால் என்ன நிலைமை என்பதை. வரி வந்துவிடுமா? வராது. வாக்காளர்களிடம் கேட்காமல் வருமான வரி போட முடியாது என்று 1993-லேயே திருத்தம் செய்துவிட்டார்கள். ஆக, கேள்வி வரி வேணுமா வேண்டாமா என்பதல்ல. முன்பு சட்டமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையும் மக்கள் சம்மதமும் போதும். இனிமேல் மக்களிடம் கேட்பதற்கே மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வேணும். அதாவது, மக்கள் நினைத்தாலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான உறுப்பினர்கள் வழிமறிக்கலாம். எனக்கு வருமான வரி மேல் ஆசை ஒன்றும் கிடையாது. ஆனாலும் இருபது வருஷம் கழித்து வாக்களிக்கப் போகிறவர்களின் கையை நான் எதற்குக் கட்டணும் என்று எதிர்த்துத்தான் போட்டேன். சுமார் 74 சதவீத ஆதரவோடு ஜெயித்தது.

எல்லாவற்றிலும் இப்படி உள்குத்து இருக்காது. 2023-ல் நீதிபதிகள் கட்டாய ஓய்வு வயதை 75-லிருந்து 79 ஆக்கக் கேட்டார்கள். எதிர்ப்பு என்றால் 75-ஏ தொடரும், அவ்வளவுதான். அந்த 14-ல் தோற்றது அது ஒன்று மட்டுமே.

சீட்டில் இருக்கும் ஒற்றை வரியை மட்டும் நம்பாதீர்கள். டெக்சாஸ் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் ஒவ்வொரு முறையும் இலவசமாக ஓர் அறிக்கை வெளியிடுகிறது: பழைய விதி, புதிய விதி, இரு தரப்பு வாதம் எல்லாம் இருக்கும். முடிவுகளைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். வாக்குச்சாவடியில் செல்போன் கூடாது. இன்னமும் புரியாத கேள்வியை வெற்றாக விடலாம். இங்கே அந்தக் கேள்விக்கு விழுந்த ஓட்டுகளை மட்டும்தான் எண்ணுவார்கள். மினசோட்டாவுக்குக் குடிபோனவர்கள் மட்டும் கவனம்: அங்கே திருத்தக் கேள்வியை வெற்றாக விட்டால் 'வேண்டாம்' என்று போட்ட கணக்கு.